இன்சுலின் கலாஸ்

பிரியா என்று ஒரு பெண். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. போன வாரம் போன் செய்து, "மேடம், நம்ம ஆபீஸ்ல சிறப்பு மலர் போடுறாங்க. அரசும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து கிராம மருத்துவத்துல என்ன சாதிச்சோம்னு. சீனியர்ஸ் எல்லாரும் ஒரு அனுபவம் எழுதணுமாம். நீங்களும் பாசிட்டிவா ஒண்ணு எழுதிக் குடுங்களேன்" என்றாள். பாசிட்டிவாக என்பதை இரண்டு தரம் சொன்னாள். யாரோ சொல்லிக்கொடுத்துத்தான் பேசுகிறாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சரி என்றேன். எழுதியும் விட்டேன், இதுதான். அவர்கள் இதைப் போட மாட்டார்கள் என்பதால் நானே வெளியில் அனுப்புகிறேன்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பட்ட கோபம் போதாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

படிப்பு, பயிற்சியெல்லாம் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். திருநெல்வேலிப் பக்கம் பிறந்தேன், பார்மசி படித்தேன், கல்யாணமாகி இவர் பின்னால் வளைகுடாவுக்கு வந்தேன். அல் ஐனில் ஒரு கிளினிக்கின் மருந்து ஜன்னலில் வேலை. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் உள்ளூர்ப் பெண்கள். காலி மாத்திரை அட்டையை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "தவா கலாஸ்" என்பார்கள். மருந்து தீர்ந்துவிட்டது, இன்னொன்று கொடு என்று அர்த்தம். புத்தகத்தில் படிக்காத அரபியை அந்த ஜன்னலில் நின்று அவர்கள் வாயிலிருந்து கற்றுக்கொண்டேன்.

வளைகுடாவில் இருக்கிற நம் ஆட்களுக்குக் கலாஸ் தெரியாமல் இருக்காது. சைட்டில் வேலை முடிந்தால் கலாஸ். பில் கட்டியாயிற்றா, கலாஸ். சண்டை போதும், கலாஸ். ஹோட்டலில் பரோட்டா இல்லையென்றாலும் கலாஸ்தான். தமிழில் நாம் முடிந்தது என்று ஒன்றுக்கும் தீர்ந்தது என்று இன்னொன்றுக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறோம். கலாஸ் இரண்டுக்கும் பொது. யார், எதைப் பற்றி, எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்று காது கொடுத்தால் குழப்பமே வராது. காது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு அஜ்மானுக்கு வீடு மாறினோம், வாடகை கொஞ்சம் கட்டுப்படியாகும் என்று. ஷார்ஜாவில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மருந்துக் கிடங்கில் எனக்கு வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நாங்கள் மருந்து அனுப்பிய நாட்டின் பெயரையும் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அங்கே சில நல்ல மனிதர்கள் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சண்டை ஓயாத நாடு. கீழே மாகாண நகரம் வரைக்கும் அரசாங்கத்தின் ஆட்சி. மேலே மலைப்பாதையில் துப்பாக்கி வைத்திருக்கிற இன்னொரு கூட்டத்தின் சோதனைச்சாவடி. அதைத் தாண்டினால் கிராமங்கள். அந்தக் கிராமங்களுக்கும் மருந்து கொடுப்பது என்றுதான் எங்கள் நிறுவனமும் அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகமும் ஒப்பந்தம் போட்டிருந்தன. மருந்தை வாங்கி, கட்டி, மாகாண நகரத்தில் இருக்கும் அரசாங்கக் கிடங்கு வரை கொண்டு சேர்ப்பது எங்கள் பொறுப்பு. அங்கிருந்து கிராமத்துக்கு ஏற்றுவது அமைச்சகத்தின் பொறுப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். கையைக் குலுக்கிப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்.

சோதனைச்சாவடியைத் தாண்டி அமைச்சகத்தின் வண்டி போக வேண்டும் என்றால் அந்தக் கூட்டத்திடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் அவர்களையும் ஓர் அரசாங்கமாக ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம். அதனால் அமைச்சகம் கேட்காது. நாங்கள் கேட்கலாமா என்றால், அந்த நாட்டுக்குள் பேசுகிற உரிமை அமைச்சகத்துக்கு மட்டும்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஆட்டு லாரி தினமும் போகும். வெங்காய லாரி போகும். கல்யாண வண்டி மேளத்தோடு போகும். மருந்து வண்டி மட்டும் போகாது.

பிறகு எப்படித்தான் மருந்து போயிற்று என்றால், யஹ்யா என்ற மனுஷனால் போயிற்று. மாகாணக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட அரசாங்க ஊழியர். தெரிந்த ஆட்டு லாரிக்காரனிடம் பெட்டியைக் கொடுத்து, "இந்த ஊர், இன்னாரிடம் கொடு" என்று அனுப்பிவிடுவார். எந்தக் காகிதத்திலும் இல்லாத ஏற்பாடு. இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களுக்கும் இது தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டார்கள்.

இன்சுலினை எப்படிக் கட்டுவது என்று இங்கே சொல்ல வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகள் இதில்தான் தப்புச் செய்வார்கள். இன்சுலின் குளிரில் இருக்க வேண்டும், ஆனால் உறைந்துவிடக் கூடாது. உறைந்த இன்சுலின் பார்க்க அப்படியேதான் இருக்கும், உள்ளே செத்திருக்கும். அதனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேராகப் பெட்டியில் வைக்கக் கூடாது. மேசைமேல் பரப்பிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். மேலே வெள்ளைப் பூத்து, பிறகு அது கரைந்து, வேர்த்து, குலுக்கிப் பார்த்தால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் அசைகிற சத்தம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெட்டி. நடுவில் அட்டை, ஐஸ் பேக் மருந்தைத் தொடாத மாதிரி. வெப்பத்தைப் பதிவு செய்யும் சின்னக் கருவி ஒன்றை மருந்துக்கு நடுவே வைத்துத்தான் மூடுவோம்.

முருகேசன் என்று அறந்தாங்கிக்காரர் ஒருவர் எனக்குப் பேக்கிங்கில் இருந்தார். ஒப்பந்தக் கூலிக்கு வந்தவர், தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருந்தார். வெளியே லாரி டிரைவர், "யல்லா பாய், ஜல்தி" என்று ஹாரன் அடித்துக்கொண்டிருப்பான். முருகேசன் ஐஸ் பேக்கைக் காதருகே வைத்துக் குலுக்கிவிட்டு, "அக்கா, இது இன்னும் வாயத் தொறக்கல. வெயிட் பண்ணச் சொல்லுங்க அவன" என்பார். நான் போய் டிரைவரிடம் சண்டை போடுவேன். எங்கள் கிடங்கிலிருந்து உறைந்த இன்சுலின் ஒன்றுகூடப் போனதில்லை. இந்தப் பெருமையை நான் அடித்துச் சொல்வேன்.

மலைக்கு மேலே ஓர் ஊரில் கிளினிக்கை நடத்தியவள் ஹலீமா. பிரசவம் பார்க்கப் படித்தவள், டாக்டர் ஓடிப்போன பிறகு எல்லாவற்றையும் அவளே பார்த்தாள். சோலார் ஃபிரிட்ஜ் கெட்டுப்போனபோது யஹ்யாவிடம் என் நம்பரை வாங்கி எனக்குப் பேசினாள். பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், மேலே நனைத்த சாக்கு, அதற்குள் இன்சுலினை வை என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாளே செய்து படம் அனுப்பிவிட்டாள். அந்தப் பானை ஒரே ஒரு பிள்ளைக்காக. சல்மா என்று பெயர், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயசு. உடம்பில் இன்சுலின் சுரக்காத பிள்ளை. ஊசி நின்றால் சில நாளைக்கு மேல் உயிர் தாங்காது.

அந்தப் பிள்ளை தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளும். ஒருநாள் ஹலீமாவிடமிருந்து போனைப் பிடுங்கி, "நீங்கள் அங்கே காலையில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று என்னிடம் கேட்டது. இட்லி என்று சொல்லி, அது என்ன என்று விளக்க நான் பட்ட பாடு. கடைசியில், "அதில் சீனி உண்டா?" என்றது. கிடையாது என்றேன். "அப்படியானால் நானும் சாப்பிடலாம்" என்றது. அதன் பிறகு இன்சுலின் பெட்டி கட்டும்போதெல்லாம் இது சல்மாவுக்கு என்று நினைத்துக் கட்டுவேன்.

இனி ரகுநாதன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் திட்ட மேலாளர், சென்னைக்காரர். ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். யார் கத்தினாலும் முதலில் நாற்காலியைக் காட்டுவார், பிறகு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நம் பக்கம் நகர்த்துவார். "நாம எல்லாம் பார்ட்னர்ஸ்மா" என்பார். அமைச்சகத்தின் சார்பில் துபாயில் உட்கார்ந்திருந்தவர் டாக்டர் நாசிர். அந்த நாட்டுக்காரர், அரபி அவருக்குத் தாய்மொழி. இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஒரு ஊருக்கு மருந்து போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

ரகுநாதன் சார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, கிராமத்துக் கிளினிக்குகளிலிருந்து என் போனுக்கு நேராகச் செய்தி வருவது முறையில்லை என்றார். அதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு போட்டார்கள். அதில் அவர், நாசிர், இரண்டு பக்கத்து மேலதிகாரிகள். மருந்தைத் தொட்டுக் கட்டுகிற நான் அதில் இல்லை. "நீங்க மேனேஜ்மென்ட் இல்லையேம்மா" என்றார், அதே மெல்லிய குரலில். இனிமேல் எல்லாவற்றையும் குழுவில் மட்டும் சொல்லும்படி ஹலீமாவுக்கு உத்தரவு போயிற்று. அவள் சொன்னபடி கேட்கிறவள், கேட்டாள்.

அதே சமயத்தில் அமைச்சகம் இன்னோர் உத்தரவு போட்டது. தன் அனுமதியில்லாமல் கிடங்கிலிருந்து ஒரு டப்பாகூட மலைக்குப் போகக் கூடாது. ஆட்டு லாரி ஏற்பாடு நின்றது. ஹலீமாவின் ஊருக்கு நாங்கள் அனுப்பிய இன்சுலின் யஹ்யாவின் ஃபிரிட்ஜில் உட்கார்ந்துவிட்டது. எங்கள் பக்கம் நாலு காசு போடுகிறவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற விழா வேறு வந்துகொண்டிருந்தது. ரகுநாதன் சார் குழுவில் ஒவ்வொரு ஊராக, "இன்சுலின் நிலவரம் என்ன?" என்று கேட்டார்.

ஹலீமா குரல் செய்தியில் பதில் போட்டாள். "அல் இன்சுலின் கலாஸ், யா உஸ்தாத்." இன்சுலின் தீர்ந்துவிட்டது ஐயா.

ரகுநாதன் சார் அதற்குக் கட்டைவிரல் படம் போட்டார். இன்சுலின் முடிந்தது, வந்து சேர்ந்து வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டாராம். பெறப்பட்டது என்று கணக்கில் ஏற்றினார். நாசிரும் கையெழுத்துப் போட்டார். கட்டைவிரலைப் பார்த்த ஹலீமா என்ன நினைப்பாள்? சரி, அனுப்புகிறோம் என்று சொல்கிறார்கள் என்று நினைத்தாள். பானையின் அடியில் இருந்த கடைசிச் சொட்டுகளை அளவு குறைத்துக் குறைத்துச் சல்மாவுக்குப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. விழாவுக்கு முதல் நாள் காலை கிடங்கில் ஃபிரிட்ஜ் வெப்பம் பார்த்துக்கொண்டிருந்தேன். யஹ்யா கூப்பிட்டார். நாங்கள் அரபியில் பேசினோம், அதைத் தமிழில் எழுதுகிறேன். பார்மசி படித்தவர்களையும் அங்கே டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"டாக்டரம்மா, மேலேயிருந்து ஒரு ஆள் வந்து நிற்கிறார். ஹலீமா அனுப்பினாளாம். மகளுக்கு இன்சுலின் இல்லை என்கிறார். ஆனால் அந்த ஊருக்குக் கொடுத்தாயிற்று என்று எனக்குத் தாள் வந்திருக்கிறது. நான் என்ன செய்ய?"

"பெட்டி எங்கே இருக்கு?"

"என் ஃபிரிட்ஜில். பொது இருப்பில் சேர்த்துவிடச் சொன்னார்கள், சேர்த்துவிட்டேன்."

"அப்போ எடுத்துக் குடுங்க."

"கொடுத்தால் ஒரே ஊருக்கு இரண்டு தரம் கொடுத்ததாக ஆகும். அந்தப் பக்கத்துக்கு மருந்து விற்றான் என்பார்கள். போன மாதம் இப்படித்தான் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், இன்னும் வரவில்லை. அமைச்சகத்திலிருந்து ஒரு வார்த்தை வரட்டும், அடுத்த நிமிஷம் கொடுக்கிறேன்."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். போனை அந்த ஆளிடம் கொடுக்கச் சொன்னேன். சல்மாவின் அப்பா. ஐஸ் போட்ட பிளாஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்றேன். வாந்தி, தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறாள், மூச்சு வேகமாக வாங்குகிறது, வாயில் அழுகின பழத்தின் வாடை என்றார். இன்சுலின் இல்லாமல் ரத்தம் விஷமாகும்போது வருகிற வாடை அது. கீழே தூக்கிக்கொண்டு வர முடியாதா என்று கேட்டேன். "எங்கே தூக்கிக்கொண்டு வர? ஆஸ்பத்திரியில் குண்டு விழுந்து மூடியாயிற்றே. அதன் பின்கட்டில்தான் இந்தக் கிடங்கே இருக்கிறது" என்றார். பிறகு, "உங்களிடம் அந்த மருந்து இருக்கிறதா அம்மா?" என்றார்.

நான் நின்றுகொண்டிருந்தது ஃபிரிட்ஜ் முன்னால். உள்ளே தட்டுத் தட்டாக இன்சுலின். இருக்கிறது என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

அங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு மேலே ஓடினேன். ரகுநாதன் சார் அறையில் விழாப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். நாசிரும் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"கோமதிம்மா, முதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க" என்று பாட்டிலைத் திறந்தார்.

"எனக்குத் தண்ணி வேண்டாம் சார். ஹலீமா போட்ட மெசேஜைப் போடுங்க. நான் கேக்கணும்."

போட்டார். "அல் இன்சுலின் கலாஸ், யா உஸ்தாத்." சோர்ந்த குரல், கடைசியில் கீழே இறங்கி நின்றது. அல் ஐன் ஜன்னலில் நான் கேட்ட அதே குரல். காலி அட்டையை ஆட்டுகிறவர்களின் குரல்.

"கேட்டீங்க இல்ல? முடிஞ்சதுன்னு அவங்களே சொல்றாங்க."

"தீந்துபோச்சுன்னு அவ சொல்லுதா சார். கையில ஒரு சொட்டு இல்லன்னு சொல்லுதா. நீங்க அதுக்குப் போயி கட்டைவெரலைக் காட்டியிருக்கீங்க."

"நான் எத்தனை வருஷமா கல்ஃப்ல இருக்கேன். கலாஸ்னா எனக்குத் தெரியாதாம்மா?"

"உங்களுக்குத் தெரிஞ்சது ஹோட்டல்ல பில்லு கட்டுத கலாஸ். இவ்வளவு வருஷமா இருந்து வேற என்னத்தத்தான் சார் கேட்டீங்க?"

அப்படி அவரிடம் நான் பேசியதே இல்லை. அவர் முகம் சுருங்கியது. நான் நாசிரின் பக்கம் திரும்பினேன். அரபியிலேயே கேட்டேன். "டாக்டர், இது உங்கள் தாய்மொழி. அவள் என்ன சொல்கிறாள்?"

அவர் காபிக் கோப்பையைப் பார்த்தார். அதைத் தட்டில் வைத்து, அதன் பிடியைத் திருப்பிச் சரிசெய்தார். "அப்படியும் புரிந்துகொள்ளலாம்" என்றார்.

எனக்கு அந்த இடத்தில்தான் உடம்பெல்லாம் எரிந்தது. ரகுநாதன் சாருக்காவது தெரியவில்லை, அரைகுறை என்று விடலாம். இந்த ஆளுக்குத் தெரியும். கேட்ட அன்றைக்கே தெரியும். தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அனுமதி கேட்காமல், வண்டி அனுப்பாமல், ஒரு ஊருக்கு மருந்து கொடுத்த பேர் கிடைத்தது. கசக்குமா? இத்தனை நாளும் அதை மொழிக் குழப்பம் என்றுதான் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு குழப்பமும் இல்லை. இரண்டு அர்த்தம் இருந்தது, தங்களுக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொண்டார்கள்.

யஹ்யாவுக்கு ஒரு போன் செய்யுங்கள், கொடு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நாசிரிடம் கெஞ்சினேன். ஆமாம், கத்தின வாயாலேயே கெஞ்சினேன். பெறப்பட்டது என்று எழுதியதை உங்கள் நிறுவனம் முதலில் எழுத்தில் திருத்தட்டும், பிறகு நான் பேசுகிறேன் என்றார். ரகுநாதன் சார், அந்த ஊர் உங்கள் பொறுப்பு, அமைச்சகம் முதலில் திருத்தட்டும் என்றார். ஒருவரை ஒருவர் மரியாதையாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார்கள். பார்ட்னர்கள் அல்லவா.

"நாளைக்குக் காலைல ஃபங்ஷன்மா. எல்லா ஊருக்கும் போய்ச் சேந்துதுன்னு பேப்பர் பிரிண்ட் ஆயிடுச்சு. இன்னிக்கு ஒரு ஊர் இல்லன்னு லெட்டர் போட்டா, எல்லா ஊரையும் தோண்டுவாங்க. ஃபங்ஷன் முடியட்டும், மொதல் வேலையா இதப் பாத்துடலாம். ஒரு நாள்தானே?"

"அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் கெடையாது சார்."

"எல்லாரையும் நாம காப்பாத்த முடியாதும்மா."

"எல்லாரையும் யாரு கேட்டா? ஒரு பிள்ளை. மருந்து அங்க இருக்கு. அவ அப்பா அங்க நிக்காரு. நடுவுல நீங்க ரெண்டு பேரும்தான் நிக்கீங்க."

வெளியே போகச் சொல்லிவிட்டார். அதையும் மெல்லிய குரலில்தான் சொன்னார்.

மறுபடி யஹ்யாவைக் கூப்பிட்டேன். எல்லாம் என் பொறுப்பு, என் பெயரில் எழுதிக்கொண்டு கொடுங்கள் என்றேன். "நீங்கள் ஷார்ஜாவில் இருக்கிறீர்கள் டாக்டரம்மா. இங்கே வந்து உங்களையா பிடிப்பார்கள்?" என்றார். போனை வைத்துவிட்டு ஹலீமாவைக் கூப்பிட்டேன். பிள்ளைக்கு உப்பும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டே இருக்கும்படி சொன்னேன். ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள். சல்மாவின் அப்பா கிடங்கு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை விழா நடந்த ஹோட்டலுக்குப் போனேன். எனக்கு அழைப்பு இல்லை. கடைசி வரிசையில் நின்றேன். மேடையில் பூங்கொத்து கொடுத்தார்கள். நாசிர் பேசினார், ரகுநாதன் சார் பேசினார், எந்தக் கிராமத்தையும் விட்டுவிடவில்லை என்றார்கள். கைதட்டல். கையெழுத்துப் போட்டு முடித்து நாசிர் காரில் ஏற வந்தபோது கதவைப் பிடித்துக்கொண்டேன். செக்யூரிட்டி ஓடி வந்தான். நான் கையை எடுக்கவில்லை. நாசிர் சுற்றிலும் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். யஹ்யாவிடம் ஒரு வரி பேசினார். எழுத்தில் எதுவும் இல்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது.

சல்மாவின் அப்பா பிளாஸ்க்கில் மருந்தை வாங்கிக்கொண்டு, முதலில் வந்த வெங்காய லாரியில் ஏறிவிட்டார். சோதனைச்சாவடியில் துப்பாக்கிப் பையன்கள் நிறுத்தினார்களாம். என்ன இது என்று கேட்டார்களாம். மகளுக்கு மருந்து என்றாராம். போ என்று விட்டுவிட்டார்களாம். எந்த அனுமதியைக் கேட்கக் கூடாது என்று இரண்டு அலுவலகங்கள் மாதக்கணக்காகக் கூட்டம் போட்டனவோ, அந்த அனுமதி இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அலுவலகம் என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சுற்றறிக்கை போட்டார்கள். கிராமத்து ஊழியர்கள் இனிமேல் கலாஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாதாம். அவர்களுக்கு ஆன்லைனில் ஆங்கில வகுப்பு. ஹலீமாவுக்கும் அந்த வகுப்பில் சேரச் சொல்லி அழைப்பு போயிற்று. முருகேசன் அந்தச் சுற்றறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, தப்புப் பண்ணுனது அவுங்க, டியூஷன் அந்தப் பொண்ணுக்கா?" என்றார். நான் அந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். வேலையை விட்டுவிடத்தான் நினைத்தேன். ஐஸ் பேக்கைப் பொறுமையாக வேர்க்கவிட்டுக் கட்ட அங்கே வேறு யார் இருந்தார்கள்? இருந்துவிட்டேன். எல்லா ஊருக்கும் என் சொந்தப் போனிலிருந்து பேசினேன், மருந்து கையில் இருக்கிறதா, கண்ணால் பார்த்தாயா என்று கேட்டேன். முறையில்லை என்று இரண்டு மெமோ கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

விழா நடந்த அன்று சாயங்காலம் ஹலீமா கூப்பிட்டாள். அப்பா மருந்தோடு வந்து சேர்ந்துவிட்டார் என்றாள். எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. உடனே ஊசி போட்டாயா என்று கேட்டேன். அவள் அழவில்லை. சல்மா காலையிலேயே போய்விட்டாள் என்றாள். நாங்கள் இங்கே மேடையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்த நேரம். "அவள் அப்பா பிளாஸ்க்கை என் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், மருந்து கெட்டுவிடக் கூடாதே என்று பானைக்குள் வைத்துவிட்டேன் டாக்டரம்மா" என்றாள்.

அப்படியே எழுந்து ரகுநாதன் சார் அறைக்குப் போனேன். விழாவுக்குப் போட்ட கோட்டை இன்னும் கழற்றவில்லை. சொன்னேன். உண்மையிலேயே வருத்தப்பட்டார், அதை நான் மறைக்கப்போவதில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"ஆனா இன்சுலின் அந்த ஊருக்குப் போயிடுச்சு, இல்லையாம்மா?"

"போயிட்டு."

"அப்ப ரெக்கார்ட் சரியாத்தான் இருக்கு. திருத்தம் ஒண்ணும் போட வேணாம்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. பெறப்பட்டது என்று அந்த ஊருக்கு நேரே இன்றைக்கும் இருக்கிறது, அது உண்மையும்கூட. அன்று சாயங்காலம் அந்த ஊர்க் கிளினிக்கில் பல மாதத்துக்குப் போதுமான இன்சுலின் இருந்தது. போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.